பஸ்ஸில் நின்ற முன்னாள் கார்ப்பரேட்டர்

இன்று காலை அம்மாவை மூட்டுவலி டாக்டரிடம் கூட்டிப்போக, வெளிமாநிலத்தில் நாங்கள் குடியிருக்கும் ஆகுர்டியில் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. முன் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார்.

பார்த்தால், எங்கள் வார்டின் முன்னாள் கார்ப்பரேட்டர், அதாவது மாநகராட்சி கவுன்சிலர்.

பதவியில் இருந்தபோது, சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று எங்கள் வாசலில் இருந்த பஸ் ஸ்டாப்பை எடுக்க வைத்தவர். முறையிடப் போன எங்களிடம், "இப்ப யாரு பஸ்ல போறாங்க?" என்று சிரித்தவர். அன்றிலிருந்து அம்மா அடுத்த ஸ்டாப் வரை நொண்டி நொண்டித்தான் நடக்கிறாள்.

அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

"தப்புதான் அண்ணா," என்றார் இந்தியில். "தோத்ததும் காரும் போச்சு, டிரைவரும் போயிட்டான். இப்ப நானும் அந்த ஸ்டாப்புக்குத்தான் நடக்கிறேன். இந்தத் தடவை வேற கட்சியில நிக்கப் போறேன். ஜெயிச்சா முதல் வேலை உங்க ஸ்டாப்தான்."

அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

அவர் சொன்னதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு. ஆனா ஜெயிச்சிடக் கூடாதுடா. ஜெயிச்சா மறுபடியும் கார்ல ஏறிடுவாரு."

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று ஆவலாகக் கேட்டார். அப்படியே இந்தியில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். நாங்கள் இறங்கும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஒரு நிலையில் இல்லை. அவருக்கு ஓட்டுப் போட்டால் எங்களுக்கு ஸ்டாப் வருமா, அவருக்குக் கார் மட்டும் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.