தாண்டவராயனின் கை

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மணப்பட்டுக்கு எதிரே, ஆற்று முகத்துவாரத்துத் தீவில் மிராசுதார் சிவசிதம்பரத்துக்கு ஓர் ஓய்வு பங்களா இருந்தது. 1936இல் அங்கே பொழுதுபோக்காகக் கம்பியில்லாத் தந்திக்கு ஒரு ரேடியோ நிலையம் வைத்தார். வைத்ததுதான் அவர். அதில் தந்தி அடித்துக் கடல் கடந்து பேசியதெல்லாம் பழைய தந்தி ஆபீஸ் ஊழியன் தாண்டவராயன்.

பேசியதற்குச் சாட்சியாக அந்தந்த நாட்டிலிருந்து அட்டை வரும். சைகோன், மடகாஸ்கர் என்று சுவரே நிறைந்துவிட்டது. எல்லா அட்டையிலும் மிராசுதார் பெயர்தான்.

"ஒரு ஓரமா எம்பேரயும் போடச் சொல்லட்டுங்களா?" என்று தாண்டவராயன் ஒருநாள் கேட்டான்.

"தந்தி அடிக்கறவனுக்கு இன்னாடா பேரு?" என்று வேலையாட்கள் எதிரிலேயே சிரித்தார் மிராசுதார்.

அந்தச் சிரிப்பை நெஞ்சில் வைத்து இரண்டு வருஷம் கறுவிக்கொண்டிருந்தான் தாண்டவராயன்.

பிரெஞ்சு அதிகாரிகள் விருந்துக்கு வந்த அன்று, அரைகுறையாகப் பழகியிருந்த மிராசுதார் தானே ரீயூனியன் தீவுக்குத் தந்தி அடித்துக் காட்டினார். பதிலைக் கேட்டுப் படிக்க மட்டும் தாண்டவராயன் வேண்டியிருந்தது. அடிக்கிற விதத்திலேயே ஆள் யாரென்று எதிர்முனைக்குத் தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தீவில் தன்னோடு வழக்கமாகத் தந்தியில் பேசும் நண்பனிடம் முந்தின நாளே தாண்டவராயன் எல்லாவற்றையும் கொட்டியிருந்தான்.

பதில் வந்தது. பிரெஞ்சில் உரக்கப் படித்தான்: "இது தாண்டவராயன் கை இல்லை. அடுத்தவன் உழைப்பில் பேர் வாங்குகிறவனோடு எனக்குப் பேச்சில்லை."

விருந்தாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாத்திப் படிடா!" என்று பல்லைக் கடித்தார் மிராசுதார்.

"தந்தி அடிக்கறவனுக்கு ஏதுங்கய்யா சொந்தப் பேச்சு?" என்றான் தாண்டவராயன். "வந்தத தான படிக்க முடியும்!"