கொழுந்துக் கம்பிக்கு மேலே ஒரு குட்டி விமானம்

என் வீட்டுக்காரர் ஒருநாள் ஆகாயத்தில் பறந்தார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கும். கூடவே கோபமும் வரும்.

நாட்டில் சண்டை ஓய்ந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நிவித்திகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தை வானத்திலிருந்து படம் பிடிக்கத் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை ஏற்பாடு செய்திருந்தார். கொழும்புப் பக்கமிருந்து வரும் குட்டி விமானத்தில், பைலட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லை காட்ட ஓர் ஆள் வேண்டும். கங்காணியாக இருந்த என் வீட்டுக்காரரைத்தான் தொரை கூப்பிட்டார். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயமே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. முதல்நாளே பஸ் ஏறியவர், போகும்போது எனக்கு ஓர் உத்தரவு போட்டார்.

"நாலாம் நம்பர் மலைக்கு மேல வந்ததும் நான் கைய ஆட்டுவேன். நீ படங்க அவுத்து ஆட்டு. அப்பத்தான் மேலேருந்து தெரியும்."

படங்கு என்பது கொழுந்து பறிக்கும்போது நாங்கள் இடுப்பில் கட்டும் முரட்டுத் துணி.

"விழுந்து தொலையாம வந்து சேருங்க, அது போதும்" என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எப்போதடா விடியும் என்றிருந்தது.

காலையில் நாலாம் நம்பரில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. "அக்கா! அந்தா வர்றாரு ஒங்க மாப்பிள்ளை!" என்று ஒருத்தி கத்தினாள். வெள்ளை விமானம், ஒரு வேன் அளவுதான் இருக்கும். நான் படங்கை அவிழ்த்து ஆட்டினேன். அதைப் பார்த்து நாற்பது பெண்களும் அவிழ்த்து ஆட்டினார்கள். விமானம் இறக்கையை அப்படியும் இப்படியும் சாய்த்துக் காட்டிவிட்டுப் போனது. ஐயோ, அந்தச் சந்தோசத்தை என்னவென்று சொல்வது!

இரண்டாம் முறை இன்னும் தாழ வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை ஆடியது எனக்கே தெரிந்தது. "இன்னுங் கிட்ட வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். விமானம் மலையைச் சுற்றித் திரும்பியது. அப்போதுதான் என் கண் கம்பியில் பட்டது.

எங்கள் மலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து பள்ளத்தாக்கைக் குறுக்கே தாண்டி, அந்தப் பக்கத்துப் பாக்டரி வரைக்கும் விரல் தடிப்பில் ஓர் இரும்புக் கம்பி போகிறது. கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டி விட்டால் அதில் சறுக்கிக்கொண்டே பாக்டரிக்குப் போய்விடும். விமானம் அதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் வந்து போனது. இரண்டு முறையும் கம்பிக்கு மேலே போய்விட்டது. இதைவிடத் தாழ வந்தால்?

"வேணாம்! மேல போங்க!" என்று கத்திக்கொண்டு படங்கை வீசினேன். மற்றவர்களுக்கும் விஷயம் புரிந்து அவர்களும் வெறி பிடித்தாற்போல வீசினார்கள். அட பாவமே, மேலே இருப்பவனுக்கு அதுவும் வரவேற்புத்தானே!

"ஆட்டாதீங்கடி! ஆட்டுனா இன்னும் எறங்குவாங்கடி!" என்று அலறியபடி மடுவத்துக்கு ஓடினேன். அங்கே கம்பி வேலை பார்க்கிற மாமா சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சாக்கு அனுப்புமுன் கம்பியில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். கீழேயிருந்து பதில் தட்டு வந்த பிறகுதான் விடலாம். அது அங்கே சட்டம்.

"சாக்க விடுங்க மாமா!"

"பொறும்மா, கீழேருந்து தட்டட்டும்."

"அவங்க தட்டுறதுக்குள்ள என் தாலிக்கு ஆபத்து வந்துரும்!"

அவரைத் தள்ளிவிட்டு, தலையிலிருந்த சிவப்புத் துணியை உருவி முதல் சாக்கில் கட்டிக் கொக்கியில் மாட்டித் தள்ளினேன். அடுத்தது. அதற்கடுத்தது. கம்பி தெரியாவிட்டாலும் சாக்காவது தெரியுமே! மூன்று சாக்குகளும் விர்ரென்று போயின. விமானமும் மலைகளுக்கு நடுவே நுழைந்தது. பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் சாக்குகள் ஓடுவதை பைலட் பார்த்திருக்க வேண்டும். விமானத்தின் மூக்கு திடீரென்று மேலே தூக்கிக்கொண்டது. சத்தம் ஊளையாக மாறியது. கம்பிக்கு ஒரு முழம் மேலே சக்கரம் போனது போல எனக்குத் தோன்றியது. பிறகு அது திரும்பி வரவேயில்லை.

தட்டாமல் அனுப்பியதற்குப் பாக்டரியிலிருந்து வசவு வந்தது. வரட்டுமே!

பொழுது சாயும் நேரத்தில் மனுசன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். "பைலட் மாத்தயா ஒரு எடத்துல சிங்களத்துல 'அம்மே'ன்னு கத்திட்டு மேல தூக்கிட்டாரு புள்ள. செவப்புத் துணி கட்டிச் சாக்கு அனுப்புனது நீதானே? எங்களுக்கு மரியாதையா?"

"மரியாதையா? வாங்க காட்டுறேன்!" கையைப் பிடித்து மடுவத்துக்கு இழுத்துப் போனேன். அவர் உள்ளங்கையைக் கம்பியின்மேல் வைத்து அழுத்தினேன். கங்காணி ஆவதற்கு முன்னால் பதினோரு வருசம் அவர் சாக்கு மாட்டிய அதே கம்பி.

சிரிப்பு போய்விட்டது. பள்ளத்தாக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேலேருந்து பாத்தா இது இல்லவே இல்ல புள்ள" என்றார். பிறகு, "நாந்தான் பைலட்டுகிட்ட சொன்னேன். எம் பொண்டாட்டி கூப்புடுறா, இன்னுங் கொஞ்சம் எறக்குங்கன்னு."

விடிய விடியத் திட்டுவதற்கு நான் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் இன்னும் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. என் கையையும் அதன்மேல் வைத்தேன்.

"நானுந்தாங்க கூப்புட்டேன்" என்றேன்.