மஞ்சள்பொடி மினுங்கிய கண்ணாடித் தகடு

வள்ளியூர் வட்டாரத்தில் என் மில் மஞ்சள்பொடி போகாத அடுக்களை கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மூட்டை தூக்கினேன், மில் வைத்தேன், மகளை ஆராய்ச்சி வரைக்கும் படிக்க வைத்தேன். இதை எந்தச் சபையிலும் சொல்லுவேன்.

அன்று அவள் வெள்ளைக் கோட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள். மில் மாடிக் கொடியில் கிடந்ததை உருவிக்கொண்டு நானே திருநெல்வேலியில் அவள் ஆய்வகத்துக்குக் காரை விரட்டினேன். அவள் வேலையைப் பார்க்க வெளியூர்ப் பேராசிரியர் வருகிற நாள். அவர் சரி என்றால்தான் பட்டம்.

கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: கண்ணுக்குத் தெரியாத துகள், புற்றுநோய் செல்லில் மட்டும் ஒட்டும், நீல வெளிச்சத்தில் பச்சையாக மினுங்கும். துகள் போட்ட கண்ணாடித் தகடு ஒன்று, போடாதது ஒன்று. போடாதது இருட்டாகவே இருக்க வேண்டும்.

"அதுவும் மினுங்குனா மொத்தமும் பொய்யின்னுருவாவப்பா."

இரண்டையும் தயார் செய்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவில்லை.

"போடாததுலயும் மினுங்குதே!"

இன்னொன்று செய்தாள். அதிலும் பச்சைப் புள்ளிகள். கீழே வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் அடுத்த தகட்டை அவசரமாக உருவினாள்.

"பதறாதட்டி. ஒவ்வொண்ணாப் பாரு."

நீல டார்ச்சை எடுத்து மேசைமேல் வெளிச்சம் அடித்தாள். ஒன்றுமில்லை. கையுறையிலும் இல்லை. கோட்டுக் கையில் அடித்ததும் பொட்டுப் பொட்டாக மினுங்கியது. மெதுவாக என் பக்கம் திருப்பினாள். என் சட்டை, மீசை, காது மடல் எல்லாம் மினுங்கின.

"கோட்டு எங்கன காஞ்சுது?"

"மில்லு மாடியிலதான்."

"மஞ்சப்பொடிப்பா! இந்த வெளிச்சத்துல அதுவும் மினுங்கும். மொதல்ல வெளிய போங்க!"

"கலப்படமில்லாத மஞ்சள்லா, அதான்..."

"அப்பா!"

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பேராசிரியர் மாடி ஏறி வந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்தேன்.

"வாங்கய்யா, பிள்ளைக்கு அப்பா நான்தான்" என்று வழியை மறித்து, முதல் மூட்டையிலிருந்து ஆரம்பித்தேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயா, நான் உள்ளே போகணும்."

"போலாம்யா. ரெண்டாவது மில்லு கதைக்கு இன்னும் வரலையே."

கதவுக் கண்ணாடி வழியாக ஒரு கண்ணை உள்ளேயே வைத்திருந்தேன். யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு, வேறு மேசையில் புதுத் தகட்டோடு குனிந்திருந்தாள். என் கழுத்தில் வேர்வை மஞ்சளாக வழிந்தது. மூன்றாவது மில்லுக்கு வந்துவிட்டேன். அதற்கு மேல் என்னிடம் மில் கிடையாது.

கதவு திறந்தது.

"வாங்க சார்" என்றாள் அவரிடம். பிறகு என்னைப் பார்த்து, பையச் சொன்னாள்:

"இருட்டா இருக்குப்பா."

நான் வழியை விட்டு விலகினேன்.