பொனட்டில் ஒரு அன்பளிப்பு

வாப்பாவின் பழைய காருக்கு பொனட்டின் இரு பக்கமும் இஞ்சினுக்குக் காற்றுப் போக வரிவரியான துவாரங்கள். சுனாமியில் கடலே அதுக்குள்ளாலதான் வந்தது என்பது அவர் கட்சி. "அது வடிவுக்கு வெச்சது காக்கா, தேவையில்ல" என்று வாப்பாவிடம் சொல்லி, கராஜ்காரர் அவற்றை வெட்டியெடுத்துத் தகரம் அடித்தார். கல்முனையில் அப்போது வீடுகளைவிட நன்கொடைப் பலகைகளே அதிகம். இதுவும் அப்படியொரு பலகைத் தகரம்தான்; ஏதோ நாட்டுக் கொடி, கீழே 'அன்பளிப்பு'.

அதைப் பார்த்து நிவாரண வண்டியென்று செக்பொயின்டில் ஆமிக்காரர்கள் சோதிக்காமலே விட்டதால், வாப்பா பெயின்ட் அடிக்க விடவில்லை.

யுத்தம் முடிந்ததும் காரை விற்க நினைத்தோம். வாங்க வந்த கடை முதலாளி தகரத்தைத் தடவிப் பார்த்தார்.

"சுனாமிக்கு வந்த சாமான விக்கிறது ஹறாமில்லையா, ஹாஜியார்?"

நிவாரண அரிசியை மூட்டை மூட்டையாக விற்றவரின் வாய் அது.