மாட்டுங்காவில் முத்திரை விழாத கூப்பன்

விக்ரோலி ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோது ஆபீஸில் இருந்தேன். அப்பா டிக்கெட் இல்லாமல் பிடிபட்டிருக்கிறார் என்று டிக்கெட் பரிசோதகர் இந்தியில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராங் நம்பர் என்றே சொல்லிவிட்டேன். என் அப்பாவாவது, டிக்கெட் இல்லாமலாவது!

எங்கள் மும்பை மாட்டுங்கா வீட்டில் லோக்கல் ரயில் கூப்பன் புத்தகம் சாமி அலமாரியில் இருக்கும். வந்தவர்கள் கிளம்பும்போது அம்மா வெற்றிலை பாக்கு கொடுப்பாள். அப்பா கூடவே கூப்பன் கிழித்துக் கொடுப்பார். ஸ்டேஷனில் இருந்த மெஷினில் அதைச் செருகினால் ஊர், தேதி, நேரம் எல்லாம் அச்சாகும். க்யூவில் நிற்க வேண்டாம். ஆனால் அந்த மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணும். அப்போது சில பேர் பேனாவால் எழுதிக்கொண்டு ஏறிவிடுவார்கள். அப்பாவுக்கு அவர்கள் எல்லாம் திருடர்கள். பிறகு கார்டு வந்தது, மொபைல் டிக்கெட் வந்தது, கூப்பனை நிறுத்தினார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்து எங்களுக்குப் படித்துக் காட்டியதே அப்பாதான். மிச்சத் தாள்கள் வீணாகக் கூடாதென்று எங்களைச் சும்மா காட்கோபர் வரை இழுத்துக்கொண்டு போய்வந்தார்.

பரிசோதகர் மறுபடி கூப்பிட்டு, போனில் அப்பாவின் குரலே கேட்டதும் ஓடினேன். விக்ரோலியில், அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அத்தை வீட்டுக்குக் கிளம்பினாராம். கையில் எங்கிருந்தோ தேடியெடுத்த பழைய கூப்பன். அதில் அவருடைய அழகான கையெழுத்தில், பேனாவால், மாட்டுங்கா என்று எழுதியிருந்தது.

"மெஷினையே காணோம்டி. நானே எழுதிண்டு வந்தேன். இவன் ஒத்துக்க மாட்டேங்கறான்."

பரிசோதகர் அபராதம் கேட்கவில்லை. "ஜானே தோ மேடம், போனால் போகட்டும், அழைச்சிட்டுப் போங்க" என்பதுபோல் கையை ஆட்டினார். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. அப்பா மேல் எரிந்து விழுந்தேன்.

"கூப்பனை நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சுப்பா! நீங்கதானே படிச்சுச் சொன்னேள்?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நிறுத்திட்டாளா?" என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கப் பயந்து, வந்த ரயிலில் அவரை ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

சயான் தாண்டியதும் என் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"ஆத்துல யார்ட்டயும் சொல்லிடாதே. விக்ரோலில ஒரு மாமி எல்லார் முன்னாடியும் என்னைப் பார்த்துக் கத்திட்டா. கூப்பனை நிறுத்திட்டாளாம். நெஜமாடி?"