கூறைப்புடவைக்கு நன்றிக் கார்டு

தியாகராய நகரில், பனகல் பூங்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது நல்லசிவம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை. அங்கே பட்டுப் பிரிவில் நின்றவர் கனகராஜ். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்தவர். புடவை விரித்துக் காட்டுவதில் அவரைவிடச் சூரர்கள் அந்தக் கடையிலேயே இருந்தார்கள். எழுத்தில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முத்துமுத்தாக விழும்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணாச்சி ஒரு நாள் சொன்னார்: "நம்மள நம்பி முகூர்த்தப் பட்டு எடுக்கான். அச்சடிச்ச கார்டை எவன்டே படிப்பான்? நீ கையால நாலு வரி எழுதிப் போடு."

கனகராஜுக்கு அது கிரீடம் வைத்த மாதிரி ஆகிவிட்டது. கூறைப்புடவை எடுக்க வருகிறவர்களிடம் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். முகூர்த்தத்துக்கு மறுநாளே தபால் கார்டு எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தன் கையாலேயே பெட்டியில் போட்டுவிட்டு வருவார். ஊரிலிருந்த மனைவி சுந்தரவல்லிக்கு அவர் எழுதும் கடிதம் 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டி நகராது. முன்பின் தெரியாத மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைக் குடும்பங்களுக்கோ உருகி உருகி எழுதுவார். மனுஷருக்கு அப்படி ஒரு கிறுக்கு.

மறுவீட்டு விருந்து முடிவதற்குள் கார்டு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய வீம்பு. கல்யாணம் நல்லபடியாக நடந்ததா என்று யாரையும் விசாரித்ததில்லை. பத்திரிகை அடித்தாயிற்று என்றால் தாலி ஏறியாயிற்று என்பதுதான் அவர் கணக்கு. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வேறு விதமாக யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

எழுபத்திரண்டில், ஆவணி முகூர்த்தக் கூட்டம் நெரிந்த ஒரு முற்பகலில், மின்சார வாரியத்து லைன்மேன் பஞ்சாட்சரம் மனைவி முனியம்மாளோடு கடைக்குள் வந்தார். மயிலாப்பூர்க்காரர். கனகராஜுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. போன மாதம் மகள் சுலோச்சனாவோடு வந்து அரக்கு நிறப் பட்டு எடுத்தவர்கள். அந்தப் பெண் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றுகொண்டு, "வெல ஜாஸ்தியா கீதா நைனா?" என்று அப்பாவிடம் மெல்லக் கேட்டது கூட அவருக்கு ஞாபகம் இருந்தது.

"வாங்க, வாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் சௌக்கியமா?" என்றார் கனகராஜ், வாயெல்லாம் பல்லாக.

பஞ்சாட்சரம் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய கார்டை எடுத்து விரித்த பட்டின் மேல் வைத்தார்.

"கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருக்க சொல்ல மஞ்சக்காமாலை கண்டுகிச்சு. ஆஸ்பத்திரில சேத்தோம். பூட்டா" என்றார். "பத்தாம் நாள் காரியம் அன்னிக்கி இந்தக் கார்டு வந்துச்சு."

கனகராஜின் கையும் காலும் ஓடவில்லை. "அய்யா, எனக்குத் தெரியாமப் போச்சே. இந்தக் கையை வெட்டிப் போட்டாலும் தகுமே" என்று தழுதழுத்தார். அந்த மனிதர் ஓங்கி ஓர் அறை கொடுத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. மன்னித்தேன் என்ற ஒரு சொல்லுக்காக இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

முனியம்மாள்தான் பேசினாள். "நீதான் எய்தினியா? படிச்சுக் காமி நைனா. பக்கத்து வூட்டுப் பொண்ணு வேகவேகமாப் படிச்சிட்டா."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கார்டைக் கையில் எடுத்தார். "'தங்கள் அருமை மகள் திருமதி சுலோச்சனாவின்…'"

"அத்த இன்னொரு தபா சொல்லு."

"திருமதி சுலோச்சனா."

முனியம்மாளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "எம் பொண்ண அப்பிடி எய்தினவன் நீ ஒருத்தன்தான். அந்தப் பொடவயக் கட்டித்தான் அவள அனுப்பி வெச்சோம். அது அவளோடயே வெந்து பூட்சி. இந்தக் கார்டுதான் மிச்சம். மேல படி."

கூறைப்புடவை எடுத்தமைக்கு நன்றி சொன்ன வரியைப் படித்தார். மணமக்கள் நீடூழி வாழ வேண்டிய வரி வந்தது. எப்படியோ அதையும் படித்து முடித்துக் கார்டைத் தாழ்த்தினார்.

"கடசீல ஒண்ணு கீதே" என்றாள் அவள்.

இருந்தது. வியாபாரத்துக்காக அண்ணாச்சி சேர்க்கச் சொன்ன வரி. படிக்காமல் தப்பிக்க வழியில்லை. "'தங்கள் இல்லத்தில் அடுத்து வரும் சுப காரியங்களுக்கும் எங்கள் கடைக்கே வந்து ஆதரிக்க வேண்டுகிறோம்.'"

"அதுக்குப் பதில் சொல்லத்தான் வந்தோம்" என்றாள் முனியம்மாள். "இவ்ளோ மருவாதியா நன்னி சொல்லி, மறுபடி வாங்கன்னு கூப்புட்டு எய்திகிறீங்க. கேட்டுக்கினு சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? எங்களுக்கு இவ ஒருத்திதான் நைனா. இனிமே எங்களால வர முடியாது. தப்பா நெனச்சிக்காத."

கார்டைக் கேட்டு வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு, புருஷனோடு கூட்டத்தை விலக்கிப் படியிறங்கிப் போனாள்.