முதலில் உள்ளே போகிறவர்

வாடகை வீடு காட்டப் போகும்போதெல்லாம் புரோக்கர் ரசாக் பாய், சைலஜா குடும்பத்தைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் முதலில் உள்ளே போவார். சில வீடுகளிலிருந்து உடனே திரும்பி, "தண்ணி கம்மிம்மா, வேணாம்" என்பார். கமிஷன் பேசத்தான் தனியாகப் போகிறார் என்றே சைலஜா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

படித்து, வேலைக்குப் போய், சொந்த வீடு வாங்கும் காலம் வந்தது. பழைய டிவிஎஸ்ஸில் வரும் பாயுடன் வீடு பார்க்கப் போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "இப்ப வாங்கலைங்க பாய்" என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு, செங்கம் சாலையில் ஏசி ஆபீஸ் வைத்திருந்த ஏஜென்ட்டைப் பிடித்தாள். அவர் அவளையும் அப்பாவையும் நேராக வீட்டுக்காரர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

"எந்த ஊருங்க?"

"கீழ்பென்னாத்தூர் பக்கங்க," என்றார் அப்பா.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

அப்பா தலை குனிந்துகொண்டார். ஏஜென்ட் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு பார்ட்டி கேட்டிருக்காங்க" என்று வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அப்பா மெல்லச் சொன்னார்: "பாய் இந்தக் கேள்வியெல்லாம் முன்னாடியே உள்ள போயி தான் ஒருத்தரா வாங்கிக்குவாரும்மா. படிக்கிற புள்ள காதுல விழ வேணாம்னுவாரு."

மறுநாள் கடைத்தெருவில் பாயே எதிரில் வந்து வண்டியை நிறுத்தினார். "இன்னாம்மா ஆபீசரு! வூடு வாங்குனா பிரியாணி என் செலவு, சொல்ல மறந்துடாத!"

"சரிங்க பாய்" என்று சிரித்து வைத்தாள். கேட்க வேண்டிய மன்னிப்பை இன்றுவரை கேட்கவில்லை.